தண்ணீர்க் கண்டம்

அத்தை பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்துதான் பிரிப்பார். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அவருடைய சாப்பாட்டு மேசை சன்னலை ஒட்டிக் கிடந்தது. காலைக் கோப்பியைக் கைக்கெட்டாத தூரத்துக்கு நகர்த்திவிட்டு, மரண அறிவித்தல் பக்கத்தை மேசை முழுக்க விரித்துக்கொள்வார். படங்களைப் பார்க்கமாட்டார். பெயர்களைப் படிக்கமாட்டார். அவருடைய விரல் வயதை மட்டும் தேடிக்கொண்டு இறங்கும். எழுபது, எண்பது என்றால் நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடும். இருபதுகளிலோ முப்பதுகளிலோ ஒரு வயது தட்டுப்பட்டால் அங்கேயே நின்றுவிடும். அப்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார் என்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பக்கம் முடிந்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவுவார். மை ஒட்டியிருக்கும், அதைத்தான் கழுவுகிறார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அவர் என் அப்பாவின் அக்கா. ரயில்வே அலுவலகத்தில் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமா, மகன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே வேறொரு குடும்பத்தைத் தேடிப் போய்விட்டார். அந்த ஒரே மகனை, என் அத்தானை, அத்தை தனியாக வளர்த்து ஆளாக்கினார். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே அத்தான் அம்பாங்கில் ஈயம் தோண்டிக் கைவிட்ட பழைய குட்டை ஒன்றில் மூழ்கிப்போனார். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. கிள்ளானிலிருந்து அப்பாவின் லோரியில் வந்ததும், பெரியவர்களின் கால்களுக்கு நடுவே நின்றதும், அத்தை அழாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததும் மட்டுமே நினைவில் இருக்கின்றன. அதன்பிறகு கல்லூரிப் படிப்புக்காக நான் அத்தை வீட்டில் தங்கிய வருடங்களில், கூடத்தில் அத்தானின் படம் மாலையோடு தொங்கியது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அத்தை அடுப்படிக்குப் போய்விடுவார்.

எங்கள் குடும்பத்துக்குத் தண்ணீரில் கண்டம் என்று சொல்வார்கள். யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. தாத்தாவின் தம்பி ஆற்றில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அத்தான். அதனால் நாங்கள் யாரும் கடலுக்குப் போனதில்லை, அருவிக்குப் போனதில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பேருந்து கிளம்பும் நாள்களில் நான் வீட்டில் இருந்தேன். வீட்டில் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தால்கூட அத்தை மூடிபோட்டு அதன்மேல் எதையாவது தூக்கி வைப்பார். படித்து, வேலைக்குப் போய், சுபாங்கில் நீச்சல் குளம் உள்ள அடுக்குமாடிக்குக் குடிவந்தபோது, என் மகளுக்கு இந்தப் பயம் வேண்டாம் என்று நினைத்தேன். அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க ஆள் ஏற்பாடு செய்தேன். அத்தைக்குச் சொல்லவில்லை.

மகள் நன்றாகவே நீந்தினாள். இடைநிலைப் பள்ளியில் சேர்ந்த வருடம், ஒரு சனிக்கிழமை மாலையில், குளத்தின் மறுகரையிலிருந்து குதித்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குதித்தவள் மேலே வரவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் அமைதியாக இருந்தது. கை அடிக்கவில்லை, கால் உதைக்கவில்லை, ஒரு குமிழிகூட அவசரமாக எழவில்லை. பயிற்சி கொடுப்பவர் பாய்ந்து அவளைத் தூக்கிக் கரையில் போட்டபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சை அழுத்தினார். அவள் இருமி, தண்ணீரைக் கக்கி, கண்ணைத் திறந்து, "ஏன்மா எல்லாரும் என்னைப் பார்க்குறீங்க?" என்று கேட்டாள்.

மருத்துவமனையில் இதய மருத்துவர், என் வயதிருக்கும் பெண், இசிஜித் தாளை நெடுநேரம் பார்த்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நேரம் நீளமாக இருக்கும். ஓடும்போது, நீந்தும்போது, திடுக்கிடும்போது அப்படிப்பட்ட இதயம் தாளம் தப்பிவிடும் என்று விளக்கினார். அவளுக்கு அதுவாக இருக்கலாம் என்று சந்தேகிப்பதாகச் சொன்னார். பிறகு பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார். "தண்ணியில மூழ்கி, வலிப்புன்னு சொல்லி, இல்ல காரணமே தெரியாத வண்டி விபத்துல?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூழ்கியவர்கள் ஞாபகத்துக்கு வந்தது இருக்கட்டும். கண்முன்னால் என் அப்பாவின் லோரி வந்து நின்றது. கடலோரச் சாலை, நேரான சாலை, எதிரே வண்டி இல்லை, மழை இல்லை. லோரி நேராகப் போய்ச் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் இறங்கியிருந்தது. அப்பாவை அதிலிருந்து பிணமாகத்தான் எடுத்தார்கள். தூங்கிவிட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

"அப்பா வழியில தேடிப் பாருங்க," என்றார் மருத்துவர். "எவ்வளவு பின்னால போக முடியுமோ போங்க. உங்களையும் டெஸ்ட் பண்ணணும். இது ரத்தத்துல வர்றது."

அப்படித்தான் நான் என் முன்னோர்களைத் தேடத் தொடங்கினேன். மற்றவர்கள் ஊர்ப் பெயருக்காகவும், கப்பலில் வந்த கதைக்காகவும் தேடுகிறார்கள். கிடைத்ததைக் குடும்ப வாட்சாப்பில் பெருமையாகப் போடுகிறார்கள். நான் தேடியது சாவின் காரணத்தை. காசநோய் கிடைத்தால் போதும், மலேரியா கிடைத்தால் போதும், நூறு வயதுக் கிழமாக ஒருவராவது செத்திருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன். நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை மைக்ரோபிலிமில் ஓட்டிப் பார்த்தேன். அத்தானின் அறிவித்தல் கிடைத்தது. "எதிர்பாராத வகையில் இறைவனடி சேர்ந்தார்" என்று மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் எல்லோருமே எதிர்பாராத வகையில்தான் சேர்ந்திருக்கிறார்கள். எப்படி என்று யாரும் எழுதவில்லை. தாத்தா காலத்து ஆட்களுக்கு அறிவித்தலே கிடையாது. பத்திரிகையில் போட யாரிடம் வசதி இருந்தது? பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கேட்டேன். நூலகப் பெண் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதுல பேரு இருக்காதுக்கா, எண்ணிக்கை மட்டும்தான்," என்றாள். கிள்ளான் மாவட்டத்தில் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் ஒரே ஓர் எண்ணாக அங்கே இருந்தார்கள். என் தாத்தாவும் அவர் தம்பியும் அந்த எண்ணுக்குள் எங்கேயோ இருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பில் அவர்களில் ஒருவர் குறைந்திருப்பார். அதுகூடத் தெரியாதபடி எண் கூடியிருந்தது.

அந்த வாரங்களில் வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே விசித்திரமாக இருக்கிறது. மகளின் கடிகார அலாரத்தை எடுத்து ஒளித்துவைத்தேன். அழைப்புமணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். யாரும் கதவை அறைந்து சாத்தக்கூடாது. இங்கே பிற்பகல் ஆனால் இடி இடிக்காத நாள் ஏது? வானம் கறுத்ததும் நான் எங்கிருந்தாலும் அவளிடம் ஓடுவேன். இடி விழும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல், "உயிரோடதான் இருக்கேன்மா," என்பாள். அவள் சிரிப்புக்காகச் சொன்னது. நான் ஒவ்வொரு முறையும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

எழுத்தில் இல்லாததைத் தெரிந்தவர் ஒரே ஓர் ஆள்தான் உயிரோடு இருந்தார். ஒரு ஞாயிறு பிரிக்பீல்ட்ஸ் போனேன். அத்தைக்கு அப்போது எழுபதுக்கு மேல். கீழே கடைத்தெருவில் பூ வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை அத்தானின் படத்துக்குப் போடும்போது பின்னால் நின்று கேட்டேன்.

"அத்தை, நம்ம குடும்பத்துல சின்ன வயசுல யாரெல்லாம் போனாங்க? எப்படிப் போனாங்க?"

"செத்தவங்கள எதுக்கு இப்ப கிளறுற?" திரும்பாமலே கேட்டார்.

"எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? வேற பேச்சு பேசு லா."

குளத்தில் நடந்ததைச் சொன்னேன். நீச்சல் கற்றுக்கொடுத்ததற்காகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பூச்சரத்தின் நுனியைப் பிடித்தபடியே நின்றார். "தூக்குனப்ப கைய கால அடிச்சாளா?" என்று கேட்டார்.

"இல்ல அத்தை. சும்மா கெடந்தா."

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகம் நான் அறியாத ஒரு முகமாக மாறியிருந்தது. "கார் கொண்டு வந்திருக்கியா? கிள்ளானுக்குப் போவோம்," என்றார்.

எங்கள் ஆட்களில் வயதாகி இறந்தவர்களை எரித்திருக்கிறார்கள். இளம்வயதில் போனவர்களைப் புதைத்திருக்கிறார்கள். ஆகவே எனக்கு வேண்டியவர்கள் எல்லோரும் கிள்ளான் இடுகாட்டில்தான் இருந்தார்கள். காலை வெயிலிலேயே புல்லிலிருந்து ஆவி கிளம்பியது. லாலான் புல் இடுப்புயரம் வளர்ந்து பல கல்லறைகளை மூடியிருந்தது. அத்தை குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். வழி கேட்கவில்லை, தடுமாறவில்லை. எங்களில் யாருக்கும் தெரியாமல் அவர் இங்கே வந்துகொண்டிருந்திருக்கிறார்.

முதலில் எழுத்து தேய்ந்த ஒரு சிமெண்டுக் கல்லைக் காட்டினார். தாத்தாவின் தம்பி. "ரப்பர் பால்வெட்டு முடிஞ்சு ஆத்துல குளிக்க எறங்குனவரு. முட்டியளவுத் தண்ணின்னு எங்கப்பா சொல்லுவாரு. முட்டியளவுல யாரு முழுகுவா?" அதற்கு இரண்டு வரிசை தள்ளி ஒரு சின்னக் கல்லறை. எனக்கு ஒரு சின்ன அத்தை இருந்தது அன்றைக்குத்தான் தெரியும். "தீபாவளிக்குத் தோட்டத்து லைன் வீட்டு வாசல்ல பட்டாசு வெடிச்சாங்க. என் கையப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னா. டமார்னு ஒரு சத்தம், அப்படியே சரிஞ்சா. பேய் அடிச்சிருச்சுன்னாங்க. எங்கம்மா அதுக்கப்புறம் தீபாவளியே கொண்டாடல."

அங்கிருந்து என் அப்பாவின் கல்லுக்கு வந்தோம். மருத்துவர் கேட்ட கேள்விக்கு யாரோ இந்த மண்ணுக்கடியில் ஒவ்வொன்றாகப் பதில் எழுதி வைத்திருந்ததுபோல் இருந்தது. ஆறு, பட்டாசு, குட்டை, லோரி. இந்த வரிசையில் அடுத்து நிற்பது என் மகள். அவள் அந்நேரம் வீட்டில் தன் அப்பாவோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பாள். உடனே கைப்பேசியை எடுத்து அவரை அழைத்தேன். "நல்லாத்தான் இருக்கா, ஏன்?" என்றார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

அத்தானின் கல்லறைக்கு வெள்ளை ஓடு பதித்திருந்தார்கள். சுற்றிலும் புல் இல்லை. கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அத்தை கிட்டே போகாமல் தள்ளியே நின்றார்.

"அவனுக்கு நல்லா நீச்சல் தெரியும்," என்றார். "கூட்டாளிப் பசங்க கரையில நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க. குதிச்சான், வரல. ஒரு கைகூடத் தூக்கலன்னு சொன்னாங்க. காப்பாத்துன்னு ஒரு சத்தம் இல்ல."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னிக்குக் காலையில சண்டை. அவங்கப்பன் வீட்டுக்குத் தெரியாமப் போயிட்டு வந்துட்டான். அந்தப் பொம்பளை கையால சாப்பிட்டுட்டு வந்தேன்னு சொல்றான். எனக்கு வந்த கோவத்துல, நீயும் உங்கப்பன் மாதிரியே போய்த் தொலைன்னுட்டேன்." குடைக்காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீச்சல் தெரிஞ்சவன் கையத் தூக்கலன்னா என்ன அர்த்தம்? எனக்குத் தெரியும். கண்டம் கிண்டம்னு ஊருக்குச் சொல்லிட்டேன். அவன் என் பேச்சைக் கேட்டுப் போயிட்டான்."

முப்பது வருடத்துக்கு மேல் அவர் சுமந்தது அதுதான். தினமும் காலையில் பத்திரிகையில் இளம்வயதுச் சாவுகளின்மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் என்ன யோசித்திருப்பார், எத்தனை தாய்மார்களைச் சந்தேகித்திருப்பார், எத்தனை பேரோடு சேர்ந்து தன்னைக் குற்றவாளியாக நிறுத்தியிருப்பார் என்பது அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. அதே நேரத்தில் இன்னொன்றும் உறுதியானது. அத்தானைப் பற்றி நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் என் மகளைப் பற்றியதும்கூட. அத்தையின் பயத்தை எடுக்க வேண்டுமென்றால் என் பயத்தை நான் உண்மையென்று ஒப்புக்கொள்ள வேண்டும். சிறிது நேரம் சொல்லாமலே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"அத்தை," என்றேன். "அவரு வேணும்னு தூக்காம இருக்கல. தூக்க முடியல."

மருத்துவர் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். தண்ணீரில் விழுந்ததுமே இதயம் தாளம் தப்பிவிடும், அந்த நொடியே நினைவு போய்விடும், மூழ்குவது தெரியாது, பயப்படக்கூட நேரம் இருக்காது என்றேன். என் மகளுக்கு ஏன் எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை என்றேன்.

"கையத் தூக்க முடியாதா?"

"முடியாது அத்தை."

"அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதா?"

"தெரிஞ்சிருக்காது."

அத்தை அப்போதுதான் கல்லறைக்குப் பக்கத்தில் போனார். ஓட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, மெல்ல, முட்டியை மடக்க முடியாமல் மடக்கி, விளிம்பில் உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். தோளில் கைவைக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்து, "உன் பிள்ளைக்கு என்ன வைத்தியம் இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க?" என்று கேட்டார்.

வைத்தியம் இருந்தது. தினமும் மாத்திரை, தவறவே கூடாது. தனியாகத் தண்ணீரில் இறங்கக்கூடாது. சில மருந்துகள் உடம்புக்குள் போகக்கூடாது. என்னையும் சோதித்தார்கள், எனக்கும் இருந்தது. இத்தனை காலம் நான் எப்படித் தப்பித்தேன் என்பதற்கு மருத்துவரிடம் தெளிவான பதில் இல்லை. சிலருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆகாது என்றார். அத்தை தானாகவே சோதனைக்கு வந்தார். அவருடைய தாளிலும் அதே நீளம். மருத்துவர் சொல்லி முடித்ததும் அத்தை, "அப்ப நான்தான் அவனுக்குக் குடுத்தேனா?" என்று கேட்டார்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். அத்தை எங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கைப்பையை மடியில் திருத்தி வைத்துக்கொண்டு, தட்டச்சு செய்து முடித்த தாளைச் சரிபார்ப்பவர்போல் நிதானமாகச் சொன்னார்: "அது என் வாய் இல்ல. என் ரத்தம்." பிறகு, "ரத்தத்த யாரும் வேணும்னு குடுக்கறதில்லையே," என்றார்.

அதற்குப் பிறகு வாழ்ந்த சில வருடங்களில் அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு. பண்டமாரானில் பெரியப்பாவின் குடும்பம் இருக்கிறது. பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து, சர்க்கரை நோயில், வயதாகித்தான் போனார். ஆகவே தங்களுக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் நம்பினார்கள். அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். பெரியப்பாவின் மகன், என் அண்ணன், வேலைக்குப் போயிருந்தார். அண்ணி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினார். அவர்களுடைய மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம் அது.

"எங்க பிள்ளைக்கு நோய் இருக்குன்னு சொல்ல வந்தீங்களா?" என்றார் அண்ணி. "மாப்பிள்ளை வீட்டு காதுல விழுந்தா என்ன ஆவும்? நல்ல காரியம் நடக்கப்போற வீடு அத்தை. போயிட்டு வாங்க."

அத்தை நகரவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் ஆட்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். என்னிடம் ஒரு காலைப்பொழுதில் கல்லறையின் முன்னால் சொன்னதை, அவர் அந்த வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல் மறுபடியும் சொன்னார். போய்த் தொலை என்று சொன்னதையும் விடவில்லை. "தெரியாம இருந்ததால நான் இவ்வளவு காலம் செத்துச் செத்து இருந்தேன். உனக்குத் தெரியட்டும். அப்புறம் உன் இஷ்டம்." அண்ணி கதவைச் சாத்திக்கொண்டார். சாத்துவதற்கு முன், உள்ளே இருட்டில் அந்தப் பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

சில நாள்கள் கழித்து அவள் தனியாக ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் வந்தாள். அத்தையே அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அவளுக்கும் இருந்தது. மாப்பிள்ளையிடம் அவளே சொன்னாள். அவன் ஒரு வாரம் பேசாமல் இருந்தான் என்றும், பிறகு வந்து, மாத்திரையைக் காலையில் போடுவதா ராத்திரியில் போடுவதா என்று கேட்டான் என்றும் அத்தை என்னிடம் சொன்னார். கல்யாணம் நடந்தது. எங்களையும் அழைத்தார்கள். அண்ணி என்னிடம் பேசவில்லை, ஆனால் அத்தையின் தட்டில் அவரே வந்து பாயசம் ஊற்றினார்.

அத்தை போன வருடம் காலமானார். நிமோனியா. இறுதிவரை நினைவோடு இருந்தார். கருமாதி முடிந்த மதியம், பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது பண்டமாரான் அண்ணனின் மகள் வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. மாசமாக இருப்பவள் சாவு வீட்டுக்கு வரலாமா என்று உள்ளே யாரோ முணுமுணுத்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நடையில் நின்றுகொண்டிருந்த என்னிடம் வந்தாள். என் மகள் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு அவள் வயிற்றைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. என் மகளுக்கு நான் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு காலையும் இந்தப் பயம் எனக்குள் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. அது போய்விடும் என்று நான் இப்போது எதிர்பார்ப்பதில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். அவள் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை," என்று என்னை அழைத்தாள். "பிள்ளை பொறந்ததும் எத்தனை நாள்ல இசிஜி எடுக்கணும்?"

"பொறக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி வச்சிடணும்மா," என்றேன். "நானும் வர்றேன்."

"சரி அத்தை," என்றாள். பிறகு, தனக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள்.